பால் ஊற்றும் பெண்ணுக்கு மஞ்சள் சுவர் வேண்டாம்: டச்சு ஓவியப் பிரதி வாங்கப் போகிறவர்களுக்கு

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் வெர்மீர் வரைந்த 'பால் ஊற்றும் பெண்' இருக்கிறது. அந்த அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டையைப் பார்த்துவிட்டு, இது அசல் ஓவியத்தின் நிறமே இல்லை என்று வாதாடியவர்கள் உண்டு. அஞ்சலட்டையில் எந்தத் தப்பும் இல்லை. மஞ்சள் பூத்துப்போன மட்டமான பிரதிகள் 10,000க்கு மேல் இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அசல்தான் போலியாகத் தெரிந்தது. நல்ல படத்தை நாமே வெளியே விடாவிட்டால் கெட்ட படம்தான் ஜெயிக்கும் என்று அருங்காட்சியகத்துக்குப் புரிந்தது. 2012இலிருந்து பெரிய அளவுப் படங்களை இலவசமாகவே தருகிறார்கள்.

முதல் முறை பிரிண்ட் வாங்குகிறவர் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குவார். சுவரில் இவ்வளவு இடம் இருக்கிறது, அதற்கு ஒரு ஃபிரேம், அதற்குள் ஒரு படம் என்று போவார். ஓவியம், அளவு, ஃபைல், தாள், சோதனை பிரிண்ட், கடைசியில் ஃபிரேம் என்று போனால் பணம் வீணாகாது. இந்த வரிசையிலேயே பார்ப்போம்.

ஓவியமும் அளவும் ஒரே முடிவு

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் பெரும்பங்கு அரண்மனைக்கோ கோயில் கூரைக்கோ வரைந்தவை அல்ல, வீட்டுச் சுவருக்கு வரைந்தவை. 1663இல் டெல்ஃப்ட் நகருக்கு வந்த ஒரு பிரெஞ்சுப் பயணிக்கு வெர்மீரின் ஓவியம் பார்க்கக் கிடைத்த இடம் ஒரு ரொட்டிக்காரரின் வீடு. அதனால்தான் இந்த ஓவியங்கள் சிறியவை. நமக்கு அதில் ஒரு லாபம்: அசல் அளவிலேயே பிரிண்ட் எடுத்து மாட்ட முடியும். முதல் பிரிண்டுக்கு அசல் அளவில் அச்சிடக்கூடிய ஓவியத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சில அளவுகளைச் சொல்கிறோம், உயரம் முதலில். ஃபப்ரீசியஸின் 'தங்கச்சிட்டு' (1654) 33.5 × 22.8 செ.மீ. வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' 44.5 × 39. 'பால் ஊற்றும் பெண்' 45.5 × 41. 'சின்னத் தெரு' 54.3 × 44. இவை நான்கும் ஒரு சாதாரண அறைச் சுவருக்குப் போதும். அதே வெர்மீரின் 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' 96.5 × 115.7 செ.மீ. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' (1642) 379.5 × 453.5 செ.மீ., ஒரு முழுச் சுவர்.

அளவை மாற்றினால் என்ன கெடும்? தங்கச்சிட்டை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஊதினால் சிறகில் இழுத்த ஒற்றை மஞ்சள் தீற்றல் பெயின்டர் பிரஷ் அகலத்துக்கு வந்துவிடும். கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டிய ஓவியம் பேருந்து நிலையப் போஸ்டராகும். 'இரவுக் காவ'லில் இது தலைகீழ். 80 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் அசலில் ஐந்தரை மடங்குக்கு மேல் சுருக்கம். ஆளுயர மனிதரின் முகம் மூன்றரை செ.மீ. ஆகிவிடும், பின்வரிசை ஆட்கள் இருட்டுக்குள் போய்விடுவார்கள். அந்த ஓவியம்தான் வேண்டுமென்றால் ஒரு பகுதியை மட்டும், உதாரணமாக மஞ்சள் உடை அணிந்த சிறுமியை, பெரிதாக எடுங்கள். அதற்கேற்ற ஃபைல் இருக்கிறது: 2022 ஜனவரியில் ரைக்ஸ்மியூசியம் வெளியிட்ட 'இரவுக் காவல்' படம் 717 ஜிகாபிக்சல், அதாவது 71,700 கோடி பிக்சல். முழு ஓவியத்தையும் கூடத்தில் மாட்டும் ஆசையை விட்டுவிடலாம்.

ஆவர்காம்ப் வரைந்த பனிச்சறுக்குக் காட்சி (77.3 × 131.9) இன்னொரு பொறி. சட்டத்துக்குள் அத்தனை குட்டி மனிதர்கள்! அதைச் சிறியதாக எடுத்தால் பனியில் எறும்பு மொய்த்தது போலிருக்கும். 44 அங்குல ரோல் வைத்திருக்கும் அச்சகத்தில் தாளின் அகலம் சுமார் 111 செ.மீ., எனவே அசல் அளவிலேயே எடுக்கலாம். அவ்வளவு இடம் இல்லையென்றால் வேறு ஓவியம் பாருங்கள்.

அடுத்தது ரெடிமேட் அளவு. ஏ3 தாள் 29.7 × 42 செ.மீ. முத்துத் தோடு பெண்ணை 42 செ.மீ. உயரத்துக்கு வைத்தால் அகலம் கிட்டத்தட்ட 36.8 வேண்டும். தாளிலோ 29.7தான். ஆக, 7 செ.மீ. வெட்டுப்படும். பெண்ணின் முன்னால் இருக்கும் இருண்ட வெற்றிடம் போய், முகம் சட்டத்தில் முட்டி நிற்கும். ஆன்லைனில் 'ஏ3 பிரிண்ட்' என்று விற்பவற்றில் பல இப்படித்தான். அசலின் விகிதத்தை (உயரத்தை அகலத்தால் வகுத்தது) ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, விற்பவர் சொல்லும் படத்தின் அளவை (தாளின் அளவை அல்ல) வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள், அல்லது இழுத்திருக்கிறார்கள். தங்கச்சிட்டு மட்டும் ஏ3க்கென்றே அளந்து வரைந்தது போல அமைகிறது. அசல் அளவில் வைத்தாலும் பக்கத்துக்கு மூன்றரை, மேலும் கீழும் நாலேகால் செ.மீ. வெள்ளை ஓரம் மிஞ்சும். முதல் பிரிண்டுக்கு இதைவிடத் தோதானது இல்லை.

ஃபைல்: இங்கேதான் பாதி வேலை

வெர்மீர் இறந்தது 1675இல், ரெம்பிராண்ட் 1669இல், ஃபப்ரீசியஸ் 1654இல் டெல்ஃப்ட் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது. இந்த ஓவியங்களுக்குப் பதிப்புரிமை எதுவும் மிச்சமில்லை. 'இரவுக் காவல்', 'பால் ஊற்றும் பெண்', 'சின்னத் தெரு', ஆவர்காம்ப் ஆகியவற்றுக்கு ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளம். முத்துத் தோடு பெண், தங்கச்சிட்டு, டெல்ஃப்ட் காட்சி மூன்றும் ஹேக் நகரின் மவுரிட்ஷுயிஸில். இரண்டு இடத்திலும் பெரிய ஃபைலை இலவசமாக இறக்கலாம். தேடுபொறியில் முதலில் வரும் படத்தைச் சேமித்து அச்சகத்துக்கு அனுப்புவதுதான் மஞ்சள் சுவருக்கு வழி.

பிக்சல் கணக்கு எளிது. செ.மீ. அளவை 2.54ஆல் வகுத்தால் அங்குலம், அதை 300ஆல் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) பெருக்குங்கள். 'பால் ஊற்றும் பெண்' அசல் அளவுக்கு 5,374 × 4,843 பிக்சல் வேண்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால் 200 வரை இறங்கலாம், கை நீட்டும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 150க்குக் கீழே போனால் தெரியும். செயலி கொண்டு 'பெரிதாக்கிய' ஃபைல் வேண்டவே வேண்டாம். அது தோலை பிளாஸ்டிக் போல வழவழப்பாக்கி, வண்ணப்பூச்சின் நுண்வெடிப்புகளைத் தலைமுடி போல இழுத்துவிடும்.

ஃபைல் வந்ததும் 100 சதவீதத்துக்கு விரித்துப் பாருங்கள். 'பால் ஊற்றும் பெண்'ணில் பார்க்க வேண்டியவை: அவளுக்குப் பின்னாலுள்ள வெற்றுச் சுவரில் ஒரு ஆணி அடித்திருக்கிறது, அதன் நிழல் சுவரில் விழுந்திருக்கிறது. சுற்றிலும் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். ஆணியும் நிழலும் தனித்தனியாகத் தெரிந்தால் ஃபைல் நல்லது. மேசையில் இருக்கும் ரொட்டியின் மேல் வெளிச்சத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்திருப்பார் வெர்மீர், அவை ஒன்றோடொன்று குழையக் கூடாது. வலது கீழ் மூலையில் தரையில் ஒரு கால்சூடாக்கும் பெட்டி, அதன் பின்னால் சுவரடியில் நீலச் சித்திர ஓடுகள். இடது மேலே தொங்கும் கூடை. இவற்றில் எது பாதியாக இருந்தாலும் படத்தை வெட்டியிருக்கிறார்கள். ஜன்னல் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்ட படங்களும் சந்தையில் உண்டு.

நிறத்துக்கு அவளுடைய கைகளைப் பாருங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டியிருக்கிறாள். மணிக்கட்டுக்குக் கீழே வெயில் பட்டுச் சிவந்த கறுப்பு, மேலே துணி மறைத்திருந்த இடம் வெளுப்பு. வேலைக்காரப் பெண்ணின் உடம்பை வெர்மீர் அப்படிக் கவனித்திருக்கிறார். முகத்தை வெளுப்பாக்கியே கை பழகிய ஸ்டுடியோக்காரரிடம் ஃபைலைக் கொடுத்தால், 'கலர் கரெக்‌ஷன்' என்ற பேரில் இந்த வித்தியாசம்தான் முதலில் காணாமல் போகும். கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: வெளிச்சம், நிறம், கூர்மை எதையும் தொடக் கூடாது. கூர்மையைக் கூட்டினால் வண்ண வெடிப்புகள் கீறல்களாக எழுந்து நிற்கும்.

சுவரின் நிறம் சாம்பல் கலந்த வெள்ளை. பழைய மஞ்சள் காகிதம் போலிருந்தால் ஃபைலை மாற்றுங்கள். அதற்கு முன் உங்கள் ஃபோனில் இரவு நேரக் கண் பாதுகாப்பு வசதி ஓடுகிறதா என்றும் பாருங்கள், அதுவும் மஞ்சளடிக்கும். முத்துத் தோடு பெண்ணுக்கும் இதே எச்சரிக்கை. 1994இல் அந்த ஓவியத்தின் மஞ்சளேறிய பழைய வார்னிஷை நீக்கிச் சீரமைத்தார்கள். அதற்கு முந்தைய புத்தகங்களிலிருந்து ஸ்கேன் செய்த படங்கள் இன்னும் நடமாடுகின்றன.

எதிர்த்திசையிலும் ஒரு தப்பு நடக்கும். 'சின்னத் தெரு'வில் செடிகொடிகள் நீலமாக இருக்கும். அச்சுப் பிழை அல்ல. பச்சைக்காகக் கலந்திருந்த மஞ்சள் சாயம் காலத்தில் வெளிறிப்போய் நீலம் மட்டும் தங்கிவிட்டது. அதைப் பச்சையாக்கித் தரச் சொல்லாதீர்கள்.

மையும் தாளும்

விற்பவர் 'ஜிக்லே பிரிண்ட்' என்பார். 1991இல் அமெரிக்க அச்சுக் கலைஞர் ஜாக் டுகான் சூட்டிய பெயர் அது. பீய்ச்சுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தார். சுருக்கமாகச் சொன்னால் இன்க்ஜெட். அந்தப் பெயர் எந்தத் தரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. அதைவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: மை பிக்மென்டா (நுண்துகள் மை), டையா (கரைந்த சாய மை)? தாளின் பெயர் என்ன? டை மை சில ஆண்டுகளிலேயே வெளிறக்கூடும். பிக்மென்ட் மை, நல்ல தாள், நேர் வெயில் படாத இடம் மூன்றும் சேர்ந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். 'லிமிடெட் எடிஷன், எண்ணிட்டது, கையெழுத்திட்டது' என்பதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். ஓவியர் இறந்து முந்நூற்றைம்பது ஆண்டாகிறது, கையெழுத்து யாருடையது?

தாள் 100 சதவீதப் பருத்தி, அமிலமில்லாதது, 300 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கட்டும். 'பளிச் வெள்ளை' தாளை ஒதுக்குங்கள். ஒளிர்ப்பு ரசாயனம் சேர்த்தால்தான் அந்த வெள்ளை வரும், அது சில ஆண்டுகளில் செத்துத் தாள் மஞ்சளாகும். கண்டுபிடிப்பது சுலபம்: கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கைத் தாளின் மேல் அடியுங்கள். வெள்ளை வேட்டி போல நீலமாக ஒளிர்ந்தால் ரசாயனம் இருக்கிறது. மங்கலாகவே கிடந்தால் நல்ல தாள்.

மேட்டா, பளபளப்பா என்பதை ஓவியமே சொல்லும். வெளிர்ச் சுவர் பின்னணியுள்ள 'பால் ஊற்றும் பெண்'ணுக்கும் தங்கச்சிட்டுக்கும் மேட் பருத்தித் தாள்தான் அழகு, சுவரின் சுண்ணாம்புத் தன்மை கைக்கு எட்டுவது போலிருக்கும். ரெம்பிராண்டின் உருவப்படங்களுக்கு மேட் தாள் சரிவராது. மேட் தாளில் கறுப்பு ஓர் எல்லைக்கு மேல் ஆழமாகாது, இருட்டுக்குள் இருக்கும் பழுப்பு அடுக்குகள் எல்லாம் ஒரே கரியாகச் சேர்ந்துவிடும். அங்கே பரைட்டா தாள் (பேரியம் சல்பேட் பூசியது) எடுங்கள். லேசாக மினுங்கும், ஆனால் கறுப்புக்குள் கறுப்பு பிரிந்து தெரியும். முத்துத் தோடு பெண் இரண்டுக்கும் நடுவில். எங்கள் ஓட்டு பரைட்டாவுக்கு.

கேன்வாஸ் பிரிண்ட்? அசல் கேன்வாஸில் இருப்பதால் பிரதியும் கேன்வாஸில் இருந்தால் பொருத்தம் என்று தோன்றும். அசலின் நெசவும் வெடிப்பும் ஃபைலிலேயே பதிவாகியிருக்கின்றன. அதன் மேல் இன்னொரு நெசவு வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும். போதாக்குறைக்கு, படத்தின் ஓரத்தை மூன்று நான்கு செ.மீ. மரச்சட்டத்தின் பக்கவாட்டில் மடக்கிவிடுவார்கள். கால்சூடாக்கும் பெட்டி அந்த மடிப்புக்குள் போய்விடும். தங்கச்சிட்டு, ஆவர்காம்ப் இரண்டும் மரப்பலகையில் வரைந்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே ஜெல் தடவித் 'தூரிகை அடையாளம்' உண்டாக்குவது சுத்த மோசடி. வெர்மீர் இழுத்த திசை ஒன்று, ஜெல் போகும் திசை வேறு.

சோதனைப் பட்டை

ஃபைலை டிஃப் அல்லது அதிகத் தர ஜேபெக்காக, அதில் பதிந்துவந்த நிறப் புரொஃபைலோடு (நிறங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) அனுப்புங்கள். சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நான்கு நிறக் கணக்கு) ஆக மாற்ற வேண்டாம். ஃபிளெக்ஸ், பத்திரிகை அச்சகங்கள் அப்படிக் கேட்கும். பல நிற மை கொண்ட இன்க்ஜெட்டுக்கு ஆர்ஜிபிதான் (திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு) சரி, மாற்றினால் நீலங்கள் செத்துப்போகும்.

பிறகு முழுப் படம் அடிக்கும் முன் ஒரு பட்டை கேளுங்கள். அதே தாளில், அதே அளவுக் கணக்கில், 8 × 20 செ.மீ. துண்டு. படத்தைச் சுருக்கி அடித்துத் தந்தால் அது சோதனை ஆகாது. 'பால் ஊற்றும் பெண்'ணில் தலைமுக்காட்டிலிருந்து செங்குத்தாக ஒரு பட்டை எடுத்தால் வெள்ளை, முகத் தோல், மஞ்சள் மேல்சட்டை, நீல ஏப்ரன் நான்கும் ஒரே துண்டில் வந்துவிடும். கூடவே ஆணி உள்ள வெற்றுச் சுவர் கொஞ்சம்.

ஏப்ரன் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தால் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் ஃபைல்) தவறாகப் போட்டிருக்கலாம். அழுத்தமான நீலத்தில் இன்க்ஜெட் முதலில் தடுமாறும். கறுப்பு சாம்பல் பூத்திருந்தால் மேட் தாளுக்கு, பளபளப்புத் தாளுக்கான ஃபோட்டோ பிளாக் மை போயிருக்கும். சுவரில் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் ஓடினால் பிரிண்டரின் முனை அடைத்திருக்கிறது, சுத்தம் செய்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். வெற்றுச் சுவர் உள்ள ஓவியம் அச்சகத்துக்கு ஒரு பரீட்சை, இலையும் பூவும் நிறைந்த ஓவியத்தில் இந்தக் கோடு ஒளிந்துகொள்ளும். மொத்தமாக இருட்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் உங்கள் கணினித் திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கிறது. பாதிக்குக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பட்டையை அச்சகத்திலேயே பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். மை ஒரு நாள் காயட்டும். மாட்டப் போகும் சுவரில் செல்லோடேப் இல்லாமல் குண்டூசியால் குத்தி, பகலிலும் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள். ட்யூப்லைட்டின் கீழே பச்சையடித்தால் பிரிண்ட் மேல் பழி போடாமல் விளக்கை மாற்றுங்கள்: சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல், ஒளியின் நிறம் 3,000 முதல் 4,000 கெல்வின்.

ஃபிரேம்

முழு பிரிண்டில் நாலு பக்கமும் 5 செ.மீ. வெள்ளை ஓரம் விடச் சொல்லுங்கள். 'பால் ஊற்றும் பெண்'ணுக்குத் தாள் 55.5 × 51 வரும், 24 அங்குல ரோலில் அடங்கும். குழாயில் சுருட்டி வந்தால் குழாயின் விட்டம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வீட்டில் பிரித்து, மேலே மெல்லிய அமிலமில்லாத் தாள் போட்டு, கனமான புத்தகங்களை இரண்டு நாள் ஏற்றி வையுங்கள். எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தப் பார்த்தால் மை நொறுங்கும். மேட் தாளின் முகத்தில் விரல் படக் கூடாது, நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும்.

ஃபிரேம் கடையில் வழக்கமாகச் செய்வது பிரிண்டை ஹார்ட்போர்டில் பசை தடவி முழுவதும் ஒட்டுவது. தடுத்துவிடுங்கள். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு கீல்கள் போதும்: ஜப்பானியத் தாள், கோதுமைப் பசை. ஈரக்காற்றில் தாள் நீளும், சுருங்கும். கீழே தொங்கவிட்டால் நெளியாது. முன்னால் 2 மி.மீ. தடிமனுள்ள அமிலமில்லா மவுண்ட் (நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை) வேண்டும். அது பிரிண்டைக் கண்ணாடியில் ஒட்டாமல் பிடிக்கும். மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிய பிரிண்டை உரித்தால் முகத்தோல் கண்ணாடியில்தான் இருக்கும். பின்பக்க இடுக்குகளைக் காகித டேப்பால் மூடுங்கள், ராமபாணப் பூச்சிக்குப் பருத்தித் தாள் விருந்து.

சட்டத்தின் நிறம் கறுப்பு. வளைவு நெளிவுத் தங்கச் சட்டத்தைத்தான் கடைக்காரர் எடுத்து நீட்டுவார், ஆனால் அந்தக் காலத்து டச்சு வீடுகளில் பெரிதும் விரும்பப்பட்டது அகலமான, தட்டையான கறுப்புச் சட்டம். வசதியுள்ளவர்கள் கடல் கடந்து வந்த கருங்காலியில் செய்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மொரீஷியஸ் தீவில் வெட்டிய மரங்களில் முக்கியமானது அதுதான். மற்றவர்கள் பேரி மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிக்கொண்டார்கள். இன்றைய கருங்காலி மாலைச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நமக்கும் சாயம் ஏற்றிய மரமே போதும்: 4 முதல் 6 செ.மீ. அகலம், மங்கலான கறுப்பு. பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோடும், சுவரின் ஈரம் ஏறாது.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், சோபாவுக்கு மேலே என்றால் கொஞ்சம் கீழே. ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரை விட்டுவிடுங்கள், கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். வெர்மீரின் அறைகளில் வெளிச்சம் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்தே வருகிறது. உங்கள் அறையின் ஜன்னலும் படத்துக்கு இடப்பக்கம் அமையும் சுவர் இருந்தால், ஆணியை அங்கே அடியுங்கள்.